பஸ் கிளம்பவே இல்லை

டிசம்பர் 3, செவ்வாய்

இந்த நோட்டைத் தாகிர் வாங்கிக்கொடுத்தான். அட்டையில் ஒரு பூனைக்குட்டி. முப்பத்தாறு வயதுக்காரிக்குப் பூனைக்குட்டி நோட்டு.

"அக்கா, ரிவ்யூ படிச்சு கோவம் வந்துச்சுன்னா இதுல எழுதுங்க. ஆன்லைன்ல மட்டும் பதில் போடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன்."

சரி, எழுதுகிறேன். பீளமேட்டில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடைக்கு மேலே ஒரே அறை. அதுதான் எங்கள் கம்பெனி. அதில் இரண்டே பேர். நான் தமயந்தி, படம் வரைகிறவள், ஆட்டத்தின் விதிகளை யோசிக்கிறவள். அபுதாகிர் புரோகிராம் எழுதுகிறவன். மூன்று வருஷம் உயிரைக் கொடுத்து ஒரு போன் கேம் செய்தோம். பெயர் 'எட்டாம் நம்பர் பஸ்'. நீங்கள்தான் கண்டக்டர். டிக்கெட் கொடுக்க வேண்டும், சில்லறை தர வேண்டும், படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே இழுக்க வேண்டும். நம் ஊர் கேம், நம் ஊர் ஆட்களுக்காக.

போன மாதம் வெளியிட்டோம். இன்று காலை வந்த ரிவ்யூக்களில் சில:

"பஸ் பறக்கிற மாதிரி வைங்க."

"கண்டக்டர் கையில் துப்பாக்கி இல்லை. மோசம்."

"அப்பா போனில் இடம் இல்லை, அழிச்சுட்டேன். மோசம்."

அப்பா போனில் இடமில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய? கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பேர்தான் நல்லது என்கிறார்கள். பொங்கலுக்கு, கேமை வெளியிட்ட ஆன்லைன் கடையில் தமிழ் கேம்களுக்கு ஒரு விழா வைக்கிறார்கள். ஜனவரி பத்தாம் தேதிக்குள் எழுபது தொட்டால் முதல் பக்கத்தில் இடம். தொட்டால் கம்பெனியைத் தொடர்கிறோம். இல்லாவிட்டால் தாகிர் பெங்களூரில் வந்திருக்கும் வேலைக்குப் போகிறான், நான் பழையபடி ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் வரையப் போகிறேன். இதைப் பேசி முடிவுசெய்து கைகுலுக்கிக்கொண்டோம்.

மாலையில் மாவு ஆட்டினேன்.

டிசம்பர் 5, வியாழன்

'கடைசி சீட்டு' என்ற பெயரில் ஒரு ஆள். கட்டைவிரல் கீழே. எழுதியது இது:

"பஸ் கிளம்பவே இல்லை. ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்க்கிறார். நானும் அவரைப் பார்க்கிறேன். இருவரும் இப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

இதை முப்பது பேர் 'பயனுள்ளது' என்று அமுக்கியிருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டு விசில் ஊதினால் பஸ் கிளம்பும். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. தமிழ்நாட்டில் எந்தக் குழந்தைக்கு இது தெரியாது? தெரியாவிட்டாலும்தான் என்ன, டிரைவரே சொல்கிறாரே! சூலூரில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரைக் கூட்டிவந்து அந்த வசனத்தைப் பேசவைத்தோம். "ரெண்டு விசிலு குடுங்க கண்டக்டரே, அப்பத்தானுங்க வண்டி நவுரும்!" அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

டிசம்பர் 8, ஞாயிறு

ரசத்தில் வேண்டுமென்றே உப்பு போடவில்லை. என் வீட்டுக்காரர் பூபதி இரண்டு முறை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

"எப்படிங்க இருக்குது?"

"நல்லாருக்குது."

பத்து வருஷமாக இதே பதில். கேமைக் காட்டினாலும் "நல்லாருக்குது", புதுப் புடவை கட்டினாலும் "நல்லாருக்குது", போன வருஷம் கேஸ் தீர்ந்து பாதி வெந்த சோறு போட்டதற்கும் "நல்லாருக்குது". ஒரு பக்கம் எதைச் சொன்னாலும் குறை சொல்கிற ஊர். இன்னொரு பக்கம் இவர். நடுவில் நான்.

டிசம்பர் 11, புதன்

தாகிர் ஒரு வரைபடத்தைக் காட்டினான். கேமைத் திறக்கிறவர்களில் பாதிப் பேர் முதல் ஸ்டாப்பிலேயே மூடிவிடுகிறார்களாம்.

"அந்த டயலாக்கைக் கீழ எழுத்துல போட்டுடலாம்க்கா. ஒரே வரி."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்துப் போட்டால் எல்லோரும் படிப்பார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் குரல் வீணாகிவிடும். அதோடு கேம் என்றால் கொஞ்சம் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் காட்டினால் அது டியூஷன்.

"நம்ம ஆபீஸ்ல எத்தனை பேரைக் கூப்பிட்டு விளையாட வெச்சோம்? ஒருத்தராவது மாட்டுனாங்களா?" என்றேன்.

"மாட்டலைங்க்கா. ஆனா நீங்க பக்கத்துலயே நின்னீங்களே."

"நின்னா?"

"பேசாம நிக்கோணும்னுதான் விதி. விளையாடறவங்ககிட்ட கேம் செஞ்சவங்க வாயே தொறக்கக் கூடாது. நீங்க ஒவ்வொருத்தருக்கும் 'இன்னொரு தடவை ஊதுங்க'ன்னு சொல்லிட்டே இருந்தீங்க."

ஒரு வார்த்தை சொன்னால் குற்றமா? வந்தவர்களுக்கெல்லாம் எங்களிடமிருந்த நல்ல ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டேன், டீ வாங்கிக்கொடுத்தேன், அன்பாக வழிகாட்டினேன். இதில் என்ன தப்பு என்று தெரியவில்லை.

டிசம்பர் 14, சனி

'கடைசி சீட்டு' மறுபடியும். நாங்கள் புது அப்டேட் விட்டவுடன் முதல் ஆளாக வந்துவிடுகிறார்.

"புதிய அப்டேட்டில் மழை வந்திருக்கிறது. மழை அழகு. ஜன்னலில் நீர் வழிவதை நன்றாக வரைந்திருக்கிறார்கள். பஸ் இன்னும் கிளம்பவில்லை. இப்போது ஓட்டுநரும் நானும் மழையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

இதற்கு நூறு பேர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். ஒரு கேமை ஒருத்தருக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? ஏன் திரும்பத் திரும்ப வந்து உயிரை வாங்க வேண்டும்?

டிசம்பர் 17, செவ்வாய்

கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு அது ஆடுகிற நேரத்தில் போனை எடுத்தேன். ஐம்பத்தாறாக இறங்கியிருந்தது. பொறுக்க முடியவில்லை. 'கோவைக்காரி' என்று புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி, 'கடைசி சீட்டு' ரிவ்யூவுக்குக் கீழே எழுதினேன். தாகிருக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. கம்பெனி பெயரில் எழுதக் கூடாது என்பதுதானே அவன் சொன்னதற்கு அர்த்தம்?

"நான் சாதாரண பிளேயர். இந்தக் கேமை மணிக்கணக்கில் ஆடியிருக்கிறேன், அருமையான கேம். உங்களுக்குக் காது என்ன செவிடா? டிரைவர் தொண்டை கிழியக் கத்துகிறாரே, கேட்கவில்லையா? குறை சொல்வதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள்."

அனுப்பியதும் நெஞ்சு லேசானது. உளுந்து பொங்கி வழிந்து தரையெல்லாம் மாவு. துடைத்தேன்.

டிசம்பர் 18, புதன்

தாகிர் கதவைத் திறந்து உள்ளே வந்து, போனை என் முன்னால் வைத்தான்.

நான் எழுதியது அப்படியே இருந்தது. அதற்கு மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கோவைக்காரி' இல்லை. எங்கள் கம்பெனி பெயர். பக்கத்தில் பச்சை நிறத்தில் 'உருவாக்கியவர்' என்ற முத்திரை. புதுக் கணக்கைத் தொடங்கினேனே தவிர, பழையதிலிருந்து வெளியே வர மறந்திருக்கிறேன். 'நான் சாதாரண பிளேயர்' என்று கம்பெனியே சொல்கிறது. ஊரெல்லாம் அதைப் படம் பிடித்துப் பகிர்ந்துகொண்டிருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கட்டைவிரலால் கெட்டேன்.

"அழிச்சிரு தாகிர்" என்றேன்.

"அதை அழிக்கலாம்க்கா. கீழ வந்திருக்கற பதிலைப் பாத்தீங்களா?"

'கடைசி சீட்டு' பதில் எழுதியிருந்தார்.

"ஆமாம். பிறந்ததிலிருந்தே."

டிசம்பர் 19, வியாழன்

கத்தரிக்காய் வாங்கினேன். எல்லாம் சொத்தை.

டிசம்பர் 20, வெள்ளி

மன்னிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் முறை ஒரு பக்கம் எழுதினேன். தாகிர் படித்துவிட்டு, "இதுல நாலு எடத்துல 'ஆனா' வருதுங்க்கா. மன்னிப்புல 'ஆனா' வரக் கூடாது" என்றான். 'ஆனா'வை எடுத்துவிட்டு எழுதினேன். "இதுல நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்கன்னுதான் இருக்குது" என்றான். எரிச்சலில் அவனையே எழுதச் சொன்னேன். "தப்பு பண்ணினது நானா?" என்றான்.

கடைசியில் மூன்று வரி. நான்தான் எழுதினேன், பொய்ப் பெயரில் எழுத நினைத்தேன், இழிவாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். விருப்பமிருந்தால் நேரில் வந்து எங்கள் முன் விளையாடிக் காட்டுங்கள், எங்கே தவறு என்று பார்க்கிறோம். அனுப்பிவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை.

டிசம்பர் 23, திங்கள்

பதில் வந்துவிட்டது. பெயர் ரோஸ்லின். பொள்ளாச்சியில் வங்கி அதிகாரி.

"நான்காவது சனிக்கிழமை வங்கி விடுமுறை. அன்று வருகிறேன். மூன்று நிபந்தனைகள். பரிதாபப்படக் கூடாது. நான் விளையாடும்போது எதையும் காட்டித்தரக் கூடாது. டீயில் சர்க்கரை குறைவாக."

டிசம்பர் 28, சனி

வந்தார். நாற்பது வயதிருக்கும். முதுகில் பை, மூக்கு நுனியில் கண்ணாடி. உக்கடத்தில் இறங்கி டவுன் பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறார். நான் வரவேற்றுப் பேசப் பேச, கையை உயர்த்தி நிறுத்திவிட்டுப் போனில் தட்டிக் காட்டினார்: "உதட்டைப் பார்த்துக் கொஞ்சம் புரிந்துகொள்வேன். ஆனால் உங்கள் உதடு ஓடுகிற வேகத்துக்கு என்னால் ஓட முடியாது."

விளையாடத் தொடங்கினார். நான் வலதுபுறம், தாகிர் இடதுபுறம். என் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

காந்திபுரம் ஸ்டாப். ஆட்கள் ஏறினார்கள். எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்தார், சில்லறை சரியாகத் தந்தார், என்னைவிட வேகமாக. டிரைவர் திரும்பினார். வாய் திறந்தது, மூடியது. என்னைச் சிலிர்க்க வைக்கும் அந்தக் குரல் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது. அவருக்கு அது ஒரு வாய் திறந்து மூடுவது மட்டும்தான்.

விசிலை ஒரு முறை தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. படிக்கட்டில் யாராவது தொங்குகிறார்களா என்று போய்ப் பார்த்தார். டிக்கெட்டுகளை மறுபடி சரிபார்த்தார். முன் கண்ணாடியைத் துடைத்தார். கதவைத் திறந்து மூடினார். மறுபடி விசில், ஒரு முறை. டிரைவர் திரும்பினார், வாய் திறந்தது, மூடியது.

என் நாக்கு அரித்தது. "இன்னொரு தடவை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னாலும் அவருக்குக் கேட்காது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. தாகிர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

இவ்வளவு யோசிக்கிற ஆளைத்தான் ஆடத் தெரியாதவள் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

கடைசியில் போனைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்: "விசில் ஊதினேன். என்ன நடந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

நான் தட்டினேன்: "இரண்டு தடவை ஊத வேண்டும். எல்லா பஸ்ஸிலும் அப்படித்தானே?"

அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தட்டினார்: "தினமும் பஸ்ஸில்தான் போகிறேன். கண்டக்டர் விசிலை வாயில் வைப்பார், கன்னம் உப்பும், பஸ் நகரும். அதை எண்ண வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் கண்டக்டரின் கன்னத்தை என்றைக்காவது எண்ணியிருக்கிறீர்களா?"

இல்லை. பஸ்ஸின் ஒவ்வொரு ஆணியையும் வரைந்திருக்கிறேன், கண்டக்டரின் முகத்தை வரையவில்லை. திரையில் அவருடைய கை மட்டும்தான் தெரியும்.

"கன்னம் தெரிந்தால் போதுமா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து நின்று, கற்பனை விசிலை வாயில் வைத்து, கன்னத்தை உப்பிக் காட்டினார். விட்டார். மறுபடி உப்பினார். தாகிர் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். "எழுத்தும் போடுங்கள்" என்று தட்டினார். "பஸ் கிளம்பும்போது காலுக்கு அடியில் அதிரும். அந்த அதிர்வையும் போனில் கொடுங்கள்."

போகும்போது டீயில் சர்க்கரை அதிகம் என்று எழுதிக் காட்டிவிட்டுப் போனார்.

ஜனவரி 2, வியாழன்

கன்னம் வரைந்தேன். உப்புகிற கன்னம், அடங்குகிற கன்னம். பூபதியை விசில் ஊதச் சொல்லிப் பார்த்து வரைந்தேன். தெருநாய் ஓடிவந்துவிட்டது.

ஜனவரி 5, ஞாயிறு

நேற்று புது அப்டேட் விட்டோம். டிரைவர் பேசுவது கீழே எழுத்தாக வருகிறது, கன்னம் உப்புகிறது, போன் அதிர்கிறது. ஒரே நாளில் அறுபத்து மூன்று!

காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பூபதி சொன்னார்: "ரெண்டாவது ஸ்டாப்பு சூப்பரா இருக்குதே. அந்தப் பூக்கடையெல்லாம் எப்ப வரைஞ்சே?"

"அது மூணு வருஷமா அங்கதாங்க இருக்குது."

"நான் இப்பத்தான் போனேன்."

"இப்பத்தானா?"

"ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல ஆடுவேன். சத்தம் வெக்க முடியுமா? வீட்லயும் நீ வேலையா இருப்பே, தொந்தரவு எதுக்குன்னு சத்தத்தைக் குறைச்சுருவேன். வண்டி நவுராது. நானும் வெச்சுருவேன்."

"அப்புறம் எதுக்குங்க நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு சொன்னீங்க?"

"மொத ஸ்டாப்பு நல்லாத்தானே இருந்துச்சு?"

இட்லித் தட்டைத் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. பாதி உலகம் போனில் சத்தத்தை அடைத்துவிட்டு விளையாடுகிறது. ஹெட்போனை மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று உபதேசமும் செய்த எனக்கு மட்டும் அது தெரியவில்லை. என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் முதல் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமில்லங்க?"

"சொன்னா நீ கடிப்பே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் வலித்தது.

ஜனவரி 10, வெள்ளி

கடைசி நாள். மாலை ஆறு வரை கெடு. மதியம் அறுபத்தொன்பதில் வந்து நின்றுவிட்டது.

"ரோஸ்லின் மேடம் மட்டும் வெரலை மாத்துனாப் போதும்க்கா, எழுபதைத் தொட்டுரும்" என்றான் தாகிர்.

கேட்டு எழுதினேன். அழித்தேன். செவிடா என்று கேட்ட வாயால் இதையும் கேட்பதா? மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். நான்கு மணிக்கு அவரே ரிவ்யூவைத் திருத்தினார். நானும் தாகிரும் தலையை முட்டிக்கொண்டு படித்தோம்.

"பஸ் கிளம்பியது! என் கையில் அதிர்ந்தது. ஓட்டுநருக்கும் எனக்கும் சமாதானம். ஆனால் எழுத்து ஓட்டுநர் பேசினால் மட்டும்தான் வருகிறது. இறங்க வேண்டிய பயணிகள் கத்தினால் வருவதில்லை. ஒன்பது பேரை இறக்காமல் சூலூர் வரை கொண்டுபோய்விட்டேன். அவர்கள் திட்டியதும் எனக்குத் தெரியவில்லை. அதையும் சரிசெய்தால் விரலை மாற்றுகிறேன்."

விரல் கீழேயே இருந்தது.

தாகிர் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். நான் சுவரைப் பார்த்தேன். பயணிகள் பேசுவதை ஒட்டுமொத்தமாக மறந்திருக்கிறோம். இத்தனை பட்டும் மறந்திருக்கிறோம். அவர் மேல் கோபப்படப் பார்த்தேன், கோபம் பிடிபடவில்லை. என் மேல் நிறைய வந்தது.

ஆறு மணிக்கும் அறுபத்தொன்பதுதான்.

"பெங்களூருக்குச் சொல்லிட்டியா?" என்றேன்.

"எழுபது தொடலைன்னா வர்றேன்னு காலைலயே சொல்லிட்டேங்க்கா. பொங்கல் முடிஞ்சதும் சேரச் சொல்றாங்க."

ஜனவரி 12, ஞாயிறு

மதியம் சாப்பிடும்போது பூபதி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "தமயந்தி, ரசத்துல உப்பு இல்ல" என்றார்.

இந்த முறை நான் நிஜமாகவே மறந்திருந்தேன். சுர்ரென்று கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து வைத்தேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார். நான் கடிக்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

காலையில் தாகிரை வழியனுப்பக் காந்திபுரம் போனேன். சேலம் போய் அங்கிருந்து மாறிப் போகிறான். பண்டிகைக் கூட்டம். ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"பயணிங்க பேசறதுக்கு எழுத்துப் போட்டு கிட்டத்தட்ட முடிச்சுட்டேங்க்கா. இன்னும் ரெண்டு மூணு பேரு பாக்கி. ஞாயித்துக்கிழமை ஆனா உக்காந்து செய்யறேன்."

"ஞாயித்துக்கிழமை தூங்குடா."

"சூலூர் வரைக்கும் கொண்டுபோன அந்த ஒம்பது பேரும் கனவுல வந்து திட்டறாங்க, எங்க தூங்கறது?"

அழுகை வந்தது. மூன்று வருஷம் ஒரே அறையில் சண்டை போட்டவன். என் வாய்க்குப் பூட்டுப் போடப் பூனைக்குட்டி நோட்டு வாங்கிக்கொடுத்தவன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று யோசிப்பதற்குள் கண்டக்டர் படியில் ஏறிவிட்டார்.

விசிலை வாயில் வைத்தார். நான் கன்னத்தைப் பார்த்தேன். ஒன்று. இரண்டு. பஸ் கிளம்பியது.

அது வளைவில் திரும்பி மறைகிற வரை நின்றிருந்தேன். பிறகு போனை எடுத்துத் தாகிருக்கு அனுப்பினேன்: "நம்ம படம் தப்பு. ரெண்டு கன்னமும் உப்பற மாதிரி வரைஞ்சுட்டேன். விசிலை வாயோரத்துல கடிச்சிருக்காரு. ஒரு பக்கம்தான் உப்புது."

உடனே பதில் வந்தது.

"பாத்தேங்க்கா. நானும் அதைத்தான் பாத்துட்டிருந்தேன்."